விட்டுப்போன வேத வாசிப்பை மறுபடியும் தொடங்குவது எப்படி

ஜனவரி 1 நள்ளிரவு ஆராதனை முடிந்து, புது வருடத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையோடு வீடு திரும்பி, வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைத் திறக்கிறவர்களில் பலர் ஜனவரி முடிவதற்குள்ளேயே நின்றுவிடுகிறார்கள். இதற்குப் பக்திக் குறைவைவிடக் கணக்குதான் காரணம். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். வருடத்துக்குள் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். அந்த வேகத்தில் போனால் நான்காவது வாரத்தில் இஸ்ரவேலர் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்தின் பலகைகளும் கொக்கிகளும் வரும், அதைத் தாண்டினால் லேவியராகமத்தின் பலிமுறைகள். இடையில் காய்ச்சல், கல்யாணம், பிள்ளைகளின் பரீட்சை என்று நான்கு நாள் போனால் 13 அதிகாரம் பாக்கி. பாக்கி ஏற ஏற வேதத்தைத் திறக்கவே கூச்சமாகிவிடும்.

ஆகவே முதல் வேலை, அந்தப் பாக்கியை முழுவதும் விட்டுவிடுவது. வாசித்த அதிகாரங்களைக் கணக்குக் காட்டி யாரும் தேவனிடம் ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. கிருபையினால் கிடைக்கும் இரட்சிப்பு ‘தேவனுடைய ஈவு’ என்று எபேசியர் 2:8 சொல்கிறது. அவருடைய இரக்கங்கள் ‘காலைதோறும் புதியவைகள்’ என்ற புலம்பல் 3:23 எருசலேம் இடிந்து கிடந்த காலத்தைப் பாடும் நூலில் இருக்கிறது, எல்லாம் ஒழுங்காக நடந்த நாட்களில் எழுதப்பட்டதல்ல. பழைய அட்டவணையைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்றைய தேதியிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஆரம்பிக்குமுன் ஏன் நின்றது என்று பாருங்கள். உடல் களைத்துப்போயிருந்தால் முதல் மருந்து தூக்கம். 1 இராஜாக்கள் 19-இல் சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியா தீர்க்கதரிசிக்கு தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டு, மறுபடி தூங்கி, மறுபடியும் சாப்பிட்டான். ஓரேப் மலையில் தேவன் அவனோடு பேசியது அதற்குப் பிறகே. சோர்வும் தூக்கமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது அவிசுவாசம் ஆகாது.

ஒளித்து வைத்த பாவம் காரணமானால் சங்கீதம் 32-ஐ வாசியுங்கள், 11 வசனம்தான். பிறகு பாவத்தை அதன் பெயரைச் சொல்லி அறிக்கையிடுங்கள். ‘தெரிந்தும் தெரியாமலும் செய்த எல்லாப் பாவங்களையும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் மனது லேசாகாது. ‘செவ்வாய்க்கிழமை கணக்கில் பொய் எழுதினேன்’ என்று சொன்னால் லேசாகும், திருத்தவும் வழி தெரியும். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனோ மைத்துனரோ நினைவுக்கு வந்தால் மத்தேயு 5:24-இன் வரிசையைப் பாருங்கள்: முதலில் ஒப்புரவாகுதல், பிறகு காணிக்கை. அடுத்த திருவிருந்துக்கு முன் ஒரு போன் போடுங்கள். அவர் எடுக்காவிட்டாலும் உங்கள் பங்கு தொடங்கிவிட்டது.

வாசிப்புக்கு மாற்கு சுவிசேஷம் நல்ல இடம். 16 அதிகாரங்கள், நடை வேகமானது. நாளுக்கு ஓர் அதிகாரம் போதும். 14-ஆம் அதிகாரம் மட்டும் 72 வசனம். அதை இரண்டு நாளாகப் பிரித்தால் 17 நாளில் முடியும். வாய்விட்டு வாசியுங்கள், கண் மட்டும் ஓடினால் மனம் வேறெங்கோ போய்விடும். பழைய தமிழ் வேதாகமத் திருப்புதலின் (மொழிபெயர்ப்பின்) நடை புரியாத இடத்தில் பக்கத்தில் ஓர் எளிய மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்வதில் தவறில்லை.

மொத்தம் 15 நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டு நிமிடம் அமைதி, ஆறேழு நிமிடம் வாசிப்பு, இரண்டு நிமிடம் எழுத்து, மீதி ஜெபம். நோட்டில் ஒரே வரி போதும்: இந்தப் பகுதியில் இயேசு என்ன செய்தார், அதனால் இன்று நான் யாரிடம், என்ன செய்ய வேண்டும். ‘அன்பாக இருக்க வேண்டும்’ என்று எழுதினால் மத்தியானத்துக்குள் மறந்துபோகும். ‘மாமியாரிடம் மாத்திரை சாப்பிட்டார்களா என்று கேட்க வேண்டும்’ என்று எழுதினால் செய்வீர்கள். மொபைல் அடுத்த அறையில் இருக்கட்டும். அதில் வேதம் வாசிக்கிறேன் என்று எடுத்தவர்கள் வாட்ஸப்பில் முடிப்பது தினமும் நடக்கிறது.

நேரம் அதிகாலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாற்கு 1:35-இல் இயேசு இருட்டோடே எழுந்தார், உண்மை. ஆனால் இரவு ஷிப்டு முடித்து வருகிறவருக்கும், ஐந்து மணிக்கே தண்ணீர் பிடித்து டிபன் கட்டுகிற தாய்க்கும் பத்து மணி சரியான நேரமாக இருக்கலாம். எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம், அதே நாற்காலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெபக் குறிப்பில் 40 பெயர்கள் சேர்ந்துவிட்டால் அது பள்ளிக்கூட வருகைப் பதிவேடு போல ஆகிவிடும். கிழமைக்கு ஆறு பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். சுகவீனர், பரீட்சை எழுதுகிறவர் போன்ற அவசரங்களுக்குத் தினமும் இரண்டு இடம் காலியாக வையுங்கள்.

வாக்குத்தத்த அட்டையைச் சுவரில் ஒட்டுமுன் அந்த வசனம் வரும் அதிகாரம் முழுவதையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள். பலருக்குப் பிடித்த எரேமியா 29:11, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனம் 70 வருடம் என்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், மார்ச்சில் வேலை கிடைக்கவில்லையே என்று வசனத்தின்மேல் கோபப்பட வேண்டியதில்லை.

குடும்ப ஜெபம் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பிள்ளை ஐந்து வசனம் வாசிக்கட்டும், பெரியவர் ஒருவர் ஜெபிக்கட்டும். ‘ஆண்டவரே, இவன் போனைக் கீழே வைக்கும்படி புத்தி கொடும்’ என்று பிள்ளை காதில் விழ ஜெபித்தால் அது திட்டுதான். மறுநாள் அவன் அந்த நேரத்துக்கு டியூஷன் என்று கிளம்பிவிடுவான்.

மாற்கு முடிந்ததும் 120 முதல் 134 வரையுள்ள ஆரோகண சங்கீதங்களை (எருசலேமுக்கு ஏறிப்போகிறவர்களின் பாடல்களை) 15 இரவுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். 131, 133, 134 மூன்றும் மூன்று மூன்று வசனம்தான். இடையில் ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு வாசிக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து ஒன்றை மட்டும் வாசியுங்கள். 15 இரவு 20 ஆகட்டும்.