லினக்ஸ் மக்கர் செய்தால் இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

வைஃபை வரவில்லை என்று ஒருவர் உதவி கேட்டால், கொஞ்ச நேரத்திலேயே பேச்சு எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸின் வகை) நல்லது, உபுண்டுவா ஃபெடோராவா என்று திசைமாறிவிடுகிறது. "பேசாம மின்ட்டுக்கு மாறிடுங்க" என்று யாராவது சொல்வார்கள். அவரும் இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுப் பார்ப்பார், அதிலும் வைஃபை வராது. ஏனென்றால் வைஃபை சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் பெரும்பாலும் கர்னலோடு (இயங்குதளத்தின் மையப்பகுதி) வருவது, எல்லா டிஸ்ட்ரோவிலும் இருப்பது அதே லினக்ஸ் கர்னல்தான். கர்னலின் பதிப்பும், கூட வரும் ஃபர்ம்வேரும் (சிப்புக்குள் ஏற்றப்படும் மென்பொருள்) வேண்டுமானால் வேறுபடலாம். டெபியன் என்ற டிஸ்ட்ரோவைப் பற்றி "டெபியன்ல வைஃபை வராது" என்ற பேச்சு கிளம்பியதும் ஃபர்ம்வேரால்தான். 2023இல் வந்த டெபியன் 12 முதல் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரிலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள். பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை.

டிஸ்ட்ரோவை மாற்றும் முன் டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை மைனஸ் கே சேர்த்து ஓட்டுங்கள். வைஃபை சிப்பின் பெயருக்குக் கீழே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இல்லையென்றால் டிரைவர் ஏறவில்லை என்று பொருள். பிராட்காம் சிப் உள்ள பழைய லேப்டாப்புகளில் இது அடிக்கடி நடக்கும். மின்ட் என்றால் டிரைவர் மேனேஜரில் போய் அதற்கான டிரைவரைப் போட்டுவிட்டால் போதும்.

என்னை அதிகம் வருத்தப்பட வைப்பது லாக் (பூட்டு) ஃபைலை அழிக்கும் பழக்கம். கணினியைப் போட்டதும் ஆப்ட் (மென்பொருள் நிறுவும் கருவி) மூலம் எதையாவது நிறுவப் போனால், லாக் கிடைக்கவில்லை என்று சில சமயம் நின்றுவிடும். உடனே எங்கிருந்தோ ஒரு கட்டளையைக் காப்பி செய்து, சுடோ (நிர்வாகி அதிகாரம்) போட்டு அந்த ஃபைலை நீக்கிவிடுகிறார்கள். ஆனால் அந்தச் செய்தியை முழுசாகப் படித்தால், லாக்கைப் பிடித்திருக்கும் ப்ராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எண்ணும் பெயரும் அதிலேயே இருக்கும். உபுண்டுவில் அது பெரும்பாலும் பின்னணியில் பாதுகாப்பு அப்டேட் போடும் அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்தான். கொஞ்சம் பொறுத்தால் வேலையை முடித்துவிட்டுத் தானாக விட்டுவிடும்.

அந்த ஃபைல் எப்போதுமே அங்கே இருப்பதுதான். ஓடும் ப்ராசஸ் அதைப் பிடித்திருக்கும்போது மட்டுமே அது லாக். ப்ராசஸ் முடிந்தாலோ செத்தாலோ பிடி தளர்ந்துவிடும். ஃபைலை அழித்துவிட்டு இன்னொரு ஆப்ட்டை ஓடவிட்டால், இரண்டும் ஒரே பேக்கேஜ் பதிவேட்டில் கை வைக்கும். அந்த நேரம் பார்த்து கர்னல் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த முறை கணினி பூட் ஆகாமலே போகலாம். கரன்ட் போய் அப்டேட் பாதியில் நின்றிருந்தாலும் அழிக்க வேண்டியதில்லை. ஆப்ட்டுக்கு அடியில் வேலை செய்யும் டிபிகேஜியை கான்ஃபிகர் மைனஸ் ஏ என்று ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து முடித்துவைக்கும்.

செய்தியைப் படிக்காமல் 'ஒய்' தட்டினால் என்ன ஆகும் என்பதை 2021 நவம்பரில் ஊரே பார்த்தது. லினஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனலின் லினஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற டிஸ்ட்ரோவில் கேம் செயலியான ஸ்டீமை நிறுவப் போனார். டெஸ்க்டாப்பையே நீக்கப்போவதாக ஆப்ட் பட்டியல் போட்டு எச்சரித்தது. 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்று முழு வாக்கியத்தையும் டைப் செய்யச் சொன்னது. அவரும் செய்தார், டெஸ்க்டாப் போய்விட்டது. தப்பு அவர்மேலா டிஸ்ட்ரோமேலா என்று பெரிய சண்டையே நடந்தது. என்னைக் கேட்டால் பெரிய பங்கு டிஸ்ட்ரோவுடையது, ஏனென்றால் பேக்கேஜ் சிக்கல் அவர்களுடையது. பிறகு ஆப்ட்டிலேயே இவ்வளவு எளிதில் நீக்க முடியாதபடி மாற்றினார்கள். இருந்தாலும், நிறுவும்போது 'நீக்கப்படுபவை' என்ற பட்டியலில் உங்களுக்குத் தெரிந்த பெயர் எதுவும் இருந்தால் 'என்' கொடுத்து வெளியே வந்துவிடுங்கள்.

திரையில் ஜன்னல்களைக் காட்டும் அமைப்பு வேலண்டா எக்ஸ்11ஆ என்ற சண்டையும் இப்படித்தான். ஃபெடோரா 2016லேயே வேலண்டுக்கு மாறிவிட்டது. ஸ்க்ரீன் ஷேர் ஆகவில்லை, தமிழ்99 ஒரு செயலியில் மட்டும் வரவில்லை என்று கேட்கும்போது எதில் இருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வேலண்டுக்கும் எக்ஸ்11க்கும் தீர்வு வேறு.

விண்டோஸும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. லினக்ஸில் இருந்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் நேரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். உடனே மதர்போர்டில் உள்ள சிமாஸ் பேட்டரியை மாற்றாதீர்கள். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் யுடிசியாக (உலகப் பொது நேரம்) வைக்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. டைம்டேட்சிடிஎல் கட்டளையில் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று கொடுத்தால் சரியாகிவிடும். அது ஓர் எச்சரிக்கை காட்டும். கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றிவைக்கும் நாடுகளில்தான் அது பெரிய தொல்லை. இந்தியாவில் அந்த வழக்கம் இல்லாததால் தயங்காமல் செய்யலாம்.