உங்கள் ஐசியில் (மலேசிய அடையாள அட்டையில்) வேறொருவர் கடன் வாங்கியிருந்தால்

நீங்கள் வாங்காத கடனுக்குக் கடிதம் வந்தால் ஒரு வெள்ளிகூட (ரிங்கிட்) கட்டாதீர்கள். சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் பலர் சறுக்குவது இங்கேதான். வசூலுக்கு ஆள் வந்து வாசலில் நின்றால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்று கூச்சப்பட்டு முதல் தவணையைக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பணமே கடனை ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகக் காட்டப்படலாம். அவமானம் ஏமாற்றியவனுக்குத்தான், உங்களுக்கு இல்லை.

கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் முதலில் போன். வங்கியின் 24 மணி நேர எண்ணையோ, தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ உடனே அழையுங்கள். திருடியவன் பணத்தை அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றிக்கொண்டே போவான். கடைசிக் கணக்கைத் தாண்டிவிட்டால் முடக்கப் பணம் இருக்காது. வங்கிச் செயலியில் ‘கில் சுவிட்ச்’ இருந்தால் கணக்கை நீங்களே முடக்கலாம். கைத்தொலைபேசியில் காரணமின்றி சிக்னல் போய்விட்டால், உங்கள் எண்ணுக்கு வேறு சிம் எடுத்திருக்கிறார்களா என்று தொலைபேசி நிறுவனத்திடம் கேளுங்கள். உங்கள் ஐசியில் எத்தனை பிரீபெய்ட் எண்கள் பதிவாகியுள்ளன என்பதையும் ஒவ்வொரு நிறுவனத்திலும் விசாரியுங்கள்.

அடுத்தது போலீஸ் ரிப்போர்ட். எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். ‘ஐசி தொலைந்துவிட்டது’ என்று மட்டும் எழுதினால் பின்னால் பயன்படாது. கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர், கணக்கு எண், தொகை, நீங்கள் அறிந்த தேதி எல்லாம் இருக்க வேண்டும். ‘சாயா திடாக் பெர்னா மெம்புவாட் பின்ஜாமான் இனி’ (இந்தக் கடனை நான் வாங்கியதே இல்லை) என்ற மலாய் வாக்கியத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். மலாய் சரளமாக வராதவர்கள் படிக்கத் தெரிந்த பிள்ளையை அழைத்துப் போய், வாசிக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்திடுங்கள். ரிப்போர்ட் நகலையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் வாங்காமல் வராதீர்கள்.

கார்டு தொலைந்திருந்தால் தேசியப் பதிவுத் துறையில் புதியது எடுங்கள். ஆனால் புதிய கார்டிலும் பழைய எண்தான் இருக்கும். நகல் வைத்திருப்பவன் அந்த எண்ணை இன்னும் பயன்படுத்த முடியும் என்பதால், புது ஐசி கிடைத்ததும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

உங்கள் பெயரில் வேறு கடன் உண்டா என்று மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஈ-சிசிரிஸ் என்ற கடன் பதிவுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எல்லாக் கடைத் தவணையும் அதில் வராது, ஆகவே சிடிஓஎஸ் என்ற தனியார் கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையும் பாருங்கள். தவறான பதிவைப் பேங்க் நெகாரா தானாக அழிக்காது. தகவல் கொடுத்த வங்கிதான் திருத்த வேண்டும்.

எனவே அந்த வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முகப்பில் பேசிவிட்டு வந்தால் எந்தத் தடயமும் இருக்காது. போலீஸ் ரிப்போர்ட் நகலை இணைத்து, கடன் விண்ணப்பப் படிவம், கையெழுத்து, பணம் போய்ச் சேர்ந்த கணக்கு ஆகியவற்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்து பொருந்தாததும், பணம் உங்கள் கணக்கிற்கு வராததும்தான் உங்கள் பலமான ஆதாரங்கள். கடிதத்தில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இறுதிப் பதில் திருப்தி தராவிட்டால் 6 மாதத்துக்குள் எஃப்எம்ஓஎஸ் எனப்படும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பிடம் போகலாம். பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை.

நீதிமன்றக் கடிதத்தை மட்டும் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். போகாவிட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும். வக்கீலுக்குப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவித் துறையை அணுகலாம்.

செய்தவன் சொந்தக்காரப் பையன் என்று தெரிந்தால்தான் சிக்கல். மோட்டார் சைக்கிள் வாங்க மாமாவின் ஐசியை எடுத்துக்கொண்டு போயிருப்பான். குடும்பத்துக்குள் பேசித் தீர்க்கலாம் என்று ரிப்போர்ட்டைத் தள்ளிப்போட்டால் வங்கியின் கண்ணில் கடன் மாமாவுடையதாகவே இருக்கும். வலித்தாலும் ரிப்போர்ட் கொடுக்கத்தான் வேண்டும்.

இனி யாருக்கு ஐசி நகல் கொடுத்தாலும் அதன் குறுக்கே இரண்டு கோடிட்டு, எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் கொடுத்தது என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள். ஆலோங்கிடம் (உரிமமில்லாத வட்டிக்காரனிடம்) ஐசியையோ ஏடிஎம் கார்டையோ அடகாக ஒருபோதும் விடாதீர்கள். உங்கள் கணக்கில் மோசடிப் பணம் புரண்டால், விசாரணைக்கு முதலில் அழைக்கப்படுவது நீங்கள்தான்.