அமைப்புக் கோப்பும் கட்டளை வரியும் மோதாமலிருக்க

பைத்தான் ஸ்கிரிப்ட்டின் அமைப்புக் கோப்பை டிக்‌ஷனரியாகப் படித்து, கட்டளை வரியைப் படிக்கும் பார்ஸ்_ஆர்க்ஸ் வரிக்குச் சற்று முன்பாக, ஆர்க்பார்ஸின் (கட்டளை வரி விருப்பங்களைக் கையாளும் பைத்தான் நூலகம்) செட்_டிஃபால்ட்ஸுக்கு இரட்டை நட்சத்திரக் குறியுடன் (**) கொடுத்துவிடுங்கள். கோப்பில் உள்ளது நிரலில் எழுதிய இயல்பு மதிப்பை மாற்றும். கட்டளை வரியில் தட்டியது கோப்பையும் மிஞ்சும். ஒவ்வொரு அமைப்புக்கும் தனித்தனி ‘இஃப்’ எழுதும் அலுப்பு இல்லை.

ஜேசன், டாம்ல் கோப்புகளுக்கு இது கச்சிதம். டாம்லைப் படிக்கும் வசதி 3.11 முதல் பைத்தானுடனேயே வருகிறது. ஐ.என்.ஐ. கோப்பு மட்டும் வம்பு: அதில் எல்லாமே எழுத்துச்சரம். எண்களை, விருப்பத்துக்குக் கொடுத்த டைப் (type=int போன்றது) பார்த்துக்கொள்ளும். ஆனால் ஸ்டோர்_ட்ரூ (பெயரைத் தட்டினாலே உண்மையாகும்) விருப்பத்துக்கு ‘ஃபால்ஸ்’ என்ற சொல்லும் உண்மையாகவே படும். ரெக்வயர்ட் (கட்டாயம்) என்று குறித்த விருப்பத்துக்கும் இது உதவாது, கோப்பில் மதிப்பு இருந்தாலும் கட்டளை வரியில் கேட்டே தீரும்.