டிரஸ்டிகள் முன்னால் உங்களுக்காக ஒருவர் பேச வேண்டும்: அறக்கட்டளையிடம் நிதி கேட்பது எப்படி?

சில ஆண்டுகள் சென்னையில் ஒரு குடும்ப அறக்கட்டளையில் இருந்தேன். வருகிற விண்ணப்பங்களைப் படிப்பது, ஊருக்குப் போய்ப் பார்ப்பது, டிரஸ்டிகள் (பணம் யாருக்குப் போகும் என்று முடிவெடுப்பவர்கள்) முன்னால் வைப்பது, இதுதான் வேலை. இப்போது மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். சிறு தொண்டு நிறுவனங்களுக்கு விண்ணப்பம் எழுத உதவுகிறேன்.

முதன்முறை எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு பெரிய மனிதரின் மனதை உருக்கத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அதை முதலில் படிப்பவர் மாதச் சம்பளம் வாங்கும் ஓர் அலுவலர். அவருக்கு மனம் உருகி என்ன பயன்? அவர் அடுத்த மாதம் டிரஸ்டிகள் முன்னால் உட்கார்ந்து, உங்களுக்குப் பதிலாக அவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில்களை அவர் கையில் கொடுப்பதுதான் விண்ணப்பம். கீழே இருக்கிற ஒவ்வொரு படியையும் அந்த அலுவலரை மனதில் வைத்துப் படியுங்கள்.

இன்னொன்று. நம் ஊரில் கொடுப்பவரும் டிரஸ்ட், வாங்குபவரும் டிரஸ்ட். குழப்பம் வேண்டாம் என்று கொடுப்பவரை ‘அறக்கட்டளை’ என்றும் வாங்குபவரை ‘நிறுவனம்’ என்றும் எழுதுகிறேன்.

படி 1: யாருடைய பணம் என்று பாருங்கள்

இந்தியாவில் ஒரு நிறுவனத்துக்குப் பெரிய தொகை வரும் வழிகள் முக்கியமாக மூன்று. ஒன்று, கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) பணம். 2013 கம்பெனிகள் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்றுமுதலோ லாபமோ உள்ள கம்பெனிகள், கடந்த 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதை வாங்க உங்களுக்கு சிஎஸ்ஆர்-1 என்ற அரசுப் பதிவு இருக்க வேண்டும். இரண்டாவது, வெளிநாட்டுப் பணம். இதற்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய் வாங்கினாலும் தவறு. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றவும் முடியாது. அதில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு 50 வரை போகலாம்.

மூன்றாவதுதான் நம் விஷயம்: தனியார் அறக்கட்டளை. யாரோ ஒருவர் தன் பங்குகளையோ சொத்தையோ எழுதி வைத்திருப்பார். அதன் வருமானம் ஆண்டுதோறும் நன்கொடையாகப் போகும். டாடா அறக்கட்டளைகள் இதற்குப் பழைய உதாரணம். சர் ரத்தன் டாடா டிரஸ்ட் 1919இலும், சர் தொராப்ஜி டாடா டிரஸ்ட் 1932இலும் தொடங்கியவை. டாடா குழுமத்தின் தாய்க் கம்பெனியான டாடா சன்ஸின் பங்குகளில் சுமார் 66 சதவீதம் டாடா அறக்கட்டளைகளிடம் இருக்கிறது. கம்பெனி டிவிடெண்ட் கொடுத்தால் அது ஏதோ ஒரு கிராமத்துக்குக் குடிநீராகவோ மருத்துவமனையாகவோ போய்ச் சேருகிறது. அசிம் பிரேம்ஜி தன் விப்ரோ பங்குகளில் பெரும்பகுதியைத் தன் ஃபவுண்டேஷனுக்கு ஒதுக்கியதும் இதே வழியில்தான்.

கொடுப்பவருக்கும் வருமான வரி விதிகள் உண்டு என்பதைப் புதியவர்கள் யோசிப்பதே இல்லை. ஓர் அறக்கட்டளை தன் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். தள்ளிப்போட வேண்டுமென்றால் காரணம் சொல்லித் தனியாக ஒதுக்கிவைக்க வேண்டும். பிப்ரவரியில் திடீரென்று போன் செய்து “ஒரு சின்ன ப்ரொபோசல் உடனே அனுப்ப முடியுமா?” என்று கேட்பார்கள். அது உங்கள் மேல் வந்த பாசம் இல்லை, மார்ச் 31. நானே அப்படிப் போன் செய்திருக்கிறேன்.

இன்னும் நுணுக்கமான ஒன்று. 2023-24 நிதியாண்டு முதல், ஓர் அறக்கட்டளை உங்களைப் போன்ற ஒரு பதிவுபெற்ற நிறுவனத்துக்கு 100 ரூபாய் கொடுத்தால் அதில் 85 ரூபாய்தான் செலவாகக் கணக்கில் ஏறும். அதையே ‘கார்பஸ்’ நிதியாக (செலவழிக்காமல் முதலாக வைத்திருக்கும் பணமாக) கொடுத்தால் ஒரு ரூபாய்கூட ஏறாது. அதனால் “எங்கள் நிறுவனத்துக்கு ஒரு கார்பஸ் நிதி உருவாக்கித் தாருங்கள்” என்று முதல் கடிதத்திலேயே கேட்காதீர்கள். படிப்பவர் ஆடிட்டரை நினைத்துக்கொண்டே அடுத்த ஃபைலை எடுப்பார்.

படி 2: பொருத்தம் பார்ப்பது

அறக்கட்டளையின் ஆண்டறிக்கையை எடுத்து, கடைசிப் பக்கங்களில் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள். முதல் பக்கத்தில் தலைவர் எழுதிய செய்தியை விட்டுவிடலாம். எந்த மாவட்டங்கள், எந்தத் துறை, சின்னத் தொகை எவ்வளவு, பெரிய தொகை எவ்வளவு? 20 லட்சத்துக்குக் கீழே யாருக்குமே கொடுக்காதவர்களிடம் போய் 3 லட்சம் கேட்டால் அதுவும் பொருந்தாது. கொடுக்கப் பணம் இல்லாமல் இல்லை. 3 லட்சத்துக்கும் 30 லட்சத்துக்கும் அவர்களுக்கு ஒரே அளவு வேலை.

பல அறக்கட்டளைகள் தாங்கள் அழைக்காமல் விண்ணப்பம் வாங்குவதில்லை. அப்போது ஒரே வழி, அவர்களிடம் ஏற்கெனவே நிதி வாங்கும் ஒரு நிறுவனத்தின் அறிமுகம். ‘சிபாரிசா’ என்று முகம் சுளிக்காதீர்கள். உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்த ஒருவர் சொல்லும் இரண்டு வரிக்கு மதிப்பு அதிகம்.

கதவை அகலத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சம்பவம் இருக்கிறது. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸின் முன்னாள் மனைவி மெக்கென்ஸி ஸ்காட் 2023இல், யீல்டு கிவிங் என்ற தன் கொடை அமைப்பு வழியாகப் பொது அழைப்பு விடுத்தார். அதற்கு முன்பெல்லாம் அவராகத்தான் தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பார். இந்த முறை 6,353 நிறுவனங்கள் விண்ணப்பித்தன. 250 பேருக்குத் தலா 10 லட்சம் டாலர் என்பதுதான் திட்டம். 2024 மார்ச்சில் 361 நிறுவனங்களுக்கு மொத்தம் 64 கோடி டாலர் கொடுத்தார். முதல் சுற்றில் விண்ணப்பித்தவர்களே ஒருவர் விண்ணப்பத்தை ஒருவர் படித்து மதிப்பெண் போட்டார்கள். அத்தனை தாராளத்திலும் 18 பேரில் ஒருவருக்குத்தான் கிடைத்தது.

படி 3: ஃபைலைச் சரிசெய்யுங்கள்

டிரஸ்ட் பத்திரம் அல்லது சொசைட்டி பதிவுச் சான்று, பான் கார்டு, 12ஏ (உங்கள் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் பதிவு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிச் சலுகை தரும் பதிவு), நிதி ஆயோக்கின் தர்ப்பண் எண் (தொண்டு நிறுவனங்களுக்கான இணையதளப் பதிவு எண்), மூன்று ஆண்டு ஆடிட் அறிக்கை, வருமான வரி ரிட்டர்ன், ஒரு கேன்சல்டு செக். இவ்வளவுதான். (புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் நடைமுறை என்பதால் அதில் பிரிவு எண்கள் வேறு. இருந்தாலும் ஆடிட்டர் ஆபீஸில் 12ஏ, 80ஜி என்றே சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.)

இரண்டு இடங்களில்தான் ஃபைல் மாட்டும். பத்திரத்தில் பெயர் ‘அறக்கட்டளை’ என்று முடியும், பான் கார்டில் ‘டிரஸ்ட்’, வங்கிக் கணக்கில் ‘சாரிட்டபிள் டிரஸ்ட்’. மூன்றும் ஒரே ஆள்தான் என்று உங்களுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. இன்னொன்று, 12ஏ, 80ஜி சான்றுகளுக்கு இப்போது காலாவதி தேதி உண்டு. முன்பு போல ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லும் என்ற காலம் 2021இல் முடிந்துவிட்டது. சான்றிதழை எடுத்து இன்றைக்கே தேதியைப் பாருங்கள்.

படி 4: இரண்டு பக்கக் குறிப்பு

முழு விண்ணப்பத்துக்கு முன்னால் ஒரு கான்செப்ட் நோட், அதாவது திட்டத்தின் சுருக்கக் குறிப்பு, கேட்பார்கள். இதில்தான் பாதி பேர் விழுகிறார்கள். “சமுதாயத்தில் பின்தங்கிய மக்களின் ஒட்டுமொத்த மேம்பாட்டுக்காக” என்று தொடங்கும் குறிப்பை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அதை வைத்து டிரஸ்டிகளிடம் நான் என்ன பேசுவது?

அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: “நான்கு மீனவக் குப்பங்களில் மாலை 5 முதல் 7 வரை படிப்பு மையம் நடத்துகிறோம். 3 முதல் 8ஆம் வகுப்பு வரை 120 பிள்ளைகள். சேரும்போது 5ஆம் வகுப்புப் பிள்ளைகளில் பாதி பேருக்குத் தமிழில் ஒரு பத்தி வாசிக்க வராது. ஓராண்டில் அவர்களை வாசிக்க வைக்கிறோம்.” நான்கு வாக்கியம். கூட்டத்தில் யாராவது கேட்டால் இதை அப்படியே திருப்பிச் சொல்லிவிடலாம்.

அடுத்தது பட்ஜெட். அதே உதாரணத்துக்கு ஒரு மாதிரி போட்டுக் காட்டுகிறேன்:

- மாலை ஆசிரியர்கள் 4 பேர், மாதம் 7,000 வீதம் 12 மாதம்: 3,36,000
- ஒருங்கிணைப்பாளர், மாதம் 15,000: 1,80,000
- நோட்டு, புத்தகம், 120 பிள்ளைகளுக்குத் தலா 600: 72,000
- மைய வாடகை, 4 இடம், மாதம் 1,500 வீதம்: 72,000
- பயணம், மாதம் 3,000: 36,000
- பகுதிநேரக் கணக்காளர், மாதம் 4,000: 48,000
- ஆடிட் கட்டணம்: 20,000

மொத்தம் 7,64,000. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குச் சுமார் 6,370 ரூபாய். இந்தக் கடைசி எண்ணை நீங்களே போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு டிரஸ்டி போன் கால்குலேட்டரில் தப்பாகப் போடுவார்.

கடைசி இரண்டு வரிகளைக் கவனியுங்கள். கணக்காளரும் ஆடிட்டும் சேர்ந்து 68,000, மொத்தத்தில் 9 சதவீதம். நிர்வாகச் செலவைக் கண்டால் கொடுப்பவருக்குப் பிடிக்காது என்று பயந்து பலர் இதை ‘இதர செலவுகள்’ என்ற தலைப்பில் ஒளித்துவைப்பார்கள், அல்லது நோட்டுப் புத்தகத்தின் விலையில் ஏற்றிவிடுவார்கள். 600 ரூபாய்க்கு எத்தனை நோட்டு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். சில அறக்கட்டளைகள் நிர்வாகச் செலவு தரவே மாட்டோம் என்று பிடிவாதம் பிடிப்பதும் உண்மைதான். கணக்கு எழுத ஆள் இல்லாமல் கணக்கு மட்டும் கேட்பது என்ன நியாயம் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. அப்படிப்பட்ட இடத்திலும் வெளிப்படையாகவே கேளுங்கள். மறுத்தால் வேறெங்கிருந்து அதைச் சமாளிப்பீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

படி 5: ஃபீல்டு விசிட்

குறிப்பு பிடித்திருந்தால் அலுவலர் நேரில் வருவார். தயவுசெய்து பந்தல் போடாதீர்கள். ஓர் ஊருக்குப் போனபோது சால்வை, பூங்கொத்து, வரவேற்பு நடனம், ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேரின் உரை என்று இரண்டு மணி நேரம் போயிற்று. ஒரு பிள்ளையிடம்கூட நான் தனியாகப் பேசவில்லை. திரும்பி வந்து அறிக்கையில் எழுத ஒன்றுமே இல்லை. நல்ல நிறுவனமாகவும் இருந்திருக்கலாம்.

அலுவலர் உண்மையில் பார்ப்பது ரொம்பச் சாதாரணமான பொருட்களை: வருகைப் பதிவேடு, கேஷ் புக், வவுச்சர் ஃபைல். ஒரு மையத்தில் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். நவம்பர் முழுக்க ஓர் ஆப்சென்ட்கூட இல்லை. மழைக்குக் கலெக்டர் பள்ளிகளுக்கே லீவு விட்ட நாட்களிலும் 28 பேரும் ஆஜர். எல்லாம் ஒரே நீலப் பேனா. இன்னோர் இடத்தில் பதிவேடு அழுக்காக இருந்தது. டீ கொட்டிய கறை, மூன்று விதமான மை. ஒரு பெயருக்கு எதிரே இரண்டு வாரம் தொடர்ந்து ‘ஆ’. கேட்டதும் அந்த ஆசிரியை, “அவங்கம்மா சீசனுக்குக் கேரளா போயிருக்காங்க சார், தம்பியப் பாத்துக்கிட்டு வீட்ல இருக்கா” என்றார். அந்தப் பதிவேட்டைத்தான் டிரஸ்டிகளிடம் நான் சொன்னேன்.

படி 6: டிரஸ்டிகள் கூட்டம்

நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். ஒரு விண்ணப்பத்துக்கு 15 நிமிடம் கிடைத்தால் அதிகம். கேள்விகள் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: நம்மைத் தவிர வேறு யார் கொடுக்கிறார்கள்? நாம் நிறுத்தினால் இது நின்றுவிடுமா? நிறுவனர் இல்லாவிட்டால் யார் நடத்துவார்? கணவர் தலைவர், மனைவி செயலாளர், மகன் பொருளாளர் என்று இருந்தால் மூன்றாவது கேள்வி நெடுநேரம் ஓடும். சட்டப்படி அது குற்றமில்லை என்றாலும், வெளியாட்கள் இரண்டு பேர் நிர்வாகக் குழுவில் இருந்தால் அலுவலருக்கு வாய் திறக்க முடியும்.

முதல் ஆண்டில் கேட்ட தொகை முழுதும் கிடைப்பது அரிது. பாதி கொடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு எத்தனை மையம் நடத்த முடியும் என்று பட்ஜெட்டைத் திருத்திக் கொடுங்கள். பாதிப் பணத்தில் முழு வேலையையும் செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டால், முதலில் போட்ட கணக்கு பொய்யா என்ற சந்தேகம் வரும். மறுத்துவிட்டால் காரணம் கேட்டு ஒரு மெயில் போடலாம். பாதி பேர் பதில் போடுவார்கள்.

படி 7: பணம் வந்தபின்

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் தவணைகளைப் பாருங்கள். அறிக்கையும் யூட்டிலைசேஷன் சர்ட்டிஃபிகேட்டும் (பணத்தைச் சொன்னபடி செலவழித்ததற்கான சான்று) கொடுத்தால்தான் இரண்டாம் தவணை வரும். அதனால் முதல் நாளிலிருந்தே இந்த நிதிக்குத் தனி லெட்ஜர் போடுங்கள். ஒரு நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வரிக் கணக்கில் அந்தச் செலவு நிற்காது. வாடகையில் மிஞ்சியதைப் பயணத்துக்கு எடுப்பதென்றால் எடுப்பதற்கு முன் ஒரு கடிதம்.

ஓர் ஆசிரியை வேலையை விட்டுப் போய் மையம் ஒரு மாதம் மூடிக் கிடந்தால், அறிக்கை வரும்வரை காத்திருக்காமல் அந்த வாரமே அலுவலருக்குப் போன் செய்யுங்கள். டிரஸ்டி ஒருவர் வேறெங்கோ கேள்விப்பட்டு அவரைக் கேட்கும் முன் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம், அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பத்தைப் பன்னிரண்டாவது மாதம்வரை வைத்திருக்காதீர்கள். கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். ஒன்பதாவது மாதமே கொடுத்துவிட்டால் ஆசிரியர்களுக்கு நடுவில் சம்பளம் நிற்காது.