ஆச்சிக்கு ஒரு கோரைப்பாய் ஆல்பம்

எங்கள் ஆச்சிக்கு எண்பது நிறைந்த அன்று கொடுக்க இந்த போட்டோ ஆல்பத்தைச் செய்தேன். பம்பாயிலிருந்து தாத்தா எழுதிய கடிதங்களைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, உறைகளை மட்டும் எனக்குச் சின்ன வயதிலேயே கொடுத்திருந்தாள். அந்தத் தபால் தலைகள்தான் இதற்கு உயிர்.

முதலில் தாள்கள். 22க்கு 28 அங்குலக் கறுப்பு சார்ட், கெட்டியானதாக இரண்டு வாங்குங்கள். 10 அங்குல அகலம், 8 உயரம் என்று வெட்டினால் பன்னிரண்டு தாள் வரும். மிச்சத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் 1 அங்குல அகலம், 8 அங்குல நீளத்தில் பதினோரு பட்டைகள் வெட்டி, தையல் ஓரத்தில் தாளுக்கு ஒன்றாக இடையில் வையுங்கள். இது இல்லாவிட்டால், படம் ஒட்டியதும் ஆல்பம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

அட்டைக்குப் பத்தமடைக் கோரைப்பாய். பட்டுப்பாயை வெட்ட மனசு வராது. பழைய பாயில் கிழியாத பகுதி போதும். வெட்டப்போகும் கோட்டின் இரண்டு பக்கமும் பெவிகால் தடவி, நன்றாகக் காய்ந்த பிறகே கத்தரி வையுங்கள். அவசரப்பட்டால் பாவு நூல் நழுவி, கோரை ஒவ்வொன்றாக உதிரும். தையல் ஓரத்து 1 அங்குல அட்டையைத் தனியாக வெட்டி, சின்ன இடைவெளி விட்டுத் துணிப்பட்டையால் இணையுங்கள். அட்டை அந்த இடத்தில்தான் மடங்க வேண்டும், அதனால் பாய் அதற்கு வெளியே நிற்கட்டும்.

சரி, தபால் தலை. தண்ணீரில் ஊறவைத்து உரிக்கத்தான் எல்லோரும் சொல்வார்கள். நானும் ஒன்றை அப்படி உரித்தேன். தலை வந்தது, உறையில் பாதி விழுந்திருந்த வட்ட முத்திரை போய்விட்டது. ஊரும் தேதியும் அதில்தானே இருக்கின்றன! முத்திரை முழுதாகத் தெரியும்படி உறையோடு சேர்த்தே வெட்டுங்கள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால், கடிதம் வந்து சேர்ந்த ஊரின் முத்திரையும் இருக்கலாம். எங்கள் உறைகளில் முன்னால் பம்பாய், பின்னால் அம்பாசமுத்திரம். அந்தத் தேதிக்குப் பக்கத்து நாட்களில் எடுத்த படம் அருகில் இருந்தால், தனியாகக் குறிப்பு எழுத வேண்டியதில்லை.

வீட்டில் பழைய கடிதம் இல்லையா? நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களின் தபால் தலைகள் சேகரிப்பாளர்களிடம் கிடைக்கும்: பாரதி 1960, வ.உ.சி. 1972, கட்டபொம்மன் 1999. எட்டயபுரம் போய் எடுத்த படத்தின் பக்கத்தில் பாரதியை வைத்துப் பாருங்கள்.

படத்தை நேரடியாக ஒட்டாதீர்கள்; பின்பக்கம் எழுதியிருப்பதை என்றாவது படிக்க வேண்டியிருக்கும். அரை அங்குல அகலப் பனை ஓலைத் துண்டைப் பத்து நிமிடம் நனைத்து, இரு முனைகளையும் பின்னால் மடித்து முக்கோணமாக்குங்கள். கனமான புத்தகத்தின் அடியில் வைத்து முழுக்கக் காயவிட்டு, மடித்த பக்கத்தைத் தாளில் ஒட்டி, படத்தின் மூலைகளைச் செருகுங்கள். ஈர ஓலை படத்தில் கறையாகிவிடும்.

ஓரத்துப் பூவுக்கு வெண்டைக்காய். முற்றலாக எடுத்துக் குறுக்கே நறுக்கி, வழவழப்பு போகத் துணியில் ஒற்றுங்கள். வெள்ளை போஸ்டர் கலரில் தொட்டு லேசாக அழுத்தினால், கறுப்புத் தாளில் ஐந்து இதழ் பூ பளிச்சென்று விழும்.

அப்புறம் கோணி ஊசியால் மூன்று துளை. எல்லாத் தாளையும் ஒரே குத்தில் துளைக்காமல் நான்கு நான்காகக் குத்தி, கெட்டி நூலால் கட்டுங்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு முழு உறையை, வாய் திறந்திருக்கும்படி ஒட்டுங்கள். ஆச்சி அதில் தாத்தாவின் கடிதம் ஒன்றை மடித்து வைத்திருக்கிறாள்.