தம்பி மெஷினுக்குப் போகிறான் என்று தெரிந்தால் என்ன செய்வது

என் தம்பி லண்டன் ஈஸ்ட்ஹாமில் நான்கு வருடம் பெட்டிங் ஷொப் (பந்தயக் கடை) சூதாட்ட மெஷினில் காசைக் கொட்டினான். அதில் இரண்டு வருடம் எனக்குத் தெரியாது. தெரிந்தபிறகு ஒரு வருடம் நான் செய்ததெல்லாம் பிழை. கடைசி வருடம்தான் சரியான காரியங்களைச் செய்தோம். அந்தப் பிழைகளை இன்னொரு வீட்டார் செய்யக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். நான் சொல்லும் வழிகள் இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு உரியவை.

என் பெரிய பிழை, முதலில் கடனைக் கட்டியது. தம்பி பத்துப் பேர் சேர்ந்த சீட்டு ஒன்றில் இருந்தான், மாதம் 300 பவுண். மூன்றாம் மாதமே கழிவு கூறி (குறைத்து ஏலம் கேட்டு) எடுத்துவிட்டான். ஊரில் அம்மாவுக்கு அனுப்ப என்றான். எடுத்த காசு பதினொரு நாளில் முடிந்தது. மிச்சம் ஏழு மாதக் கட்டுக்காசு 2,100 பவுணையும், நாலு பேர் கதைக்கக்கூடாது என்று நான் கட்டினேன். அந்த ஏழு மாதமும் அவன் சம்பளம் அப்படியே மெஷினுக்குள் போனது. நான் கடனைச் சுமந்ததால் அவன் கையில் விளையாடக் காசு மிஞ்சியது, அவ்வளவுதான். ஆகவே கடன் பிறகு. காசு மெஷினுக்குப் போகிற பாதையை முதலில் அடைக்க வேண்டும்.

அதற்கும் முன், அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று வீட்டில் இருப்பவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் "உனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று ஏசி ஏசியே நாள் போய்விடும். நான் ஒரு சனிக்கிழமை அவனோடு உள்ளே போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். 20 பவுண் தாளை மெஷின் இழுத்துக்கொண்டது. ஒரு தட்டுக்கு 1 பவுண். பட்டனைத் தட்டினால் படங்கள் சுழன்று இரண்டரை விநாடியில் நிற்கின்றன, உடனே அடுத்த தட்டு. ஒரு தட்டுக்கு 40 பென்ஸ் வந்தது. அதற்கு ஒரு பாட்டு, ஒரு வெளிச்சம், தங்கக்காசு கொட்டுகிற படம். "60 பென்ஸ் போயிருக்கே தம்பி" என்றேன். "வந்ததைப் பாருங்கோ அக்கா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. தோற்றதற்கும் வென்றதுபோலச் சத்தம் போடும்படிதான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். மூன்று படங்களில் இரண்டு பொருந்தி மூன்றாவது மயிரிழையில் தவறிப்போவதும் ஆளை இழுக்கும். 'கிட்ட வந்துட்டுது' என்ற நினைப்பு விரலை மறுபடி பட்டனுக்குக் கொண்டுபோகிறது.

மெஷினில் திருப்பிக் கொடுக்கும் விகிதம் என்று ஓர் எண் போட்டிருக்கும். அது 90 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 பவுண் போட்டால் 18 திரும்பும் என்றுதான் தம்பி நினைத்திருந்தான். அந்தக் கணக்கு ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியாக. வந்ததைத் திரும்பத் திரும்பப் போடும்போது ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒன்று கழிகிறது. 1 பவுண் வீதம் தட்டினால் 20 பவுண் சராசரியாக 200 தட்டில் கரையும். விடாமல் தட்டுகிறவனுக்கு அது எட்டு நிமிடமும் இருபது விநாடியும். இதைக் கடதாசியில் எழுதிக் காட்டியபோதுதான் அவன் முதல்தடவையாக வாய் பேசாமல் இருந்தான். நீங்களும் எழுதிக் காட்டுங்கள். புத்திமதியைவிட அது நன்றாக உள்ளே போகும்.

முன்பு இன்னும் மோசம். அதே கடைகளில் இருந்த ரூலெட் (சுழல்சக்கரச் சூது) மெஷினில் 20 விநாடிக்கு ஒருமுறை 100 பவுண்வரை வைக்கலாம். அதை 2 பவுணாகக் குறைக்கச் சொல்லி 2014இல் ஈஸ்ட்ஹாம் அடங்கும் நியூஹாம் கவுன்சில் முன்னின்று வேறு பல கவுன்சில்களையும் சேர்த்துக்கொண்டு அரசிடம் கேட்டது. குறைப்பைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று 2018 நவம்பரில் விளையாட்டுத்துறை அமைச்சர் ட்ரேசி க்ரவுச் பதவியையே விட்டார். 2019 ஏப்ரலில்தான் 2 பவுண் ஆனது. ஒரு கடையில் நான்கு மெஷினுக்கு மேல் வைக்கச் சட்டம் விடாது. அதனால்தான் ஒரே தெருவில் ஒரே கம்பெனியின் கடை இரண்டு மூன்று இருக்கும். பணக்காரர் வீதியில் அப்படி வரிசையாகப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் தெருக்களில்தான். தம்பி நான்கு பேரோடு ஓர் அறையில் இருந்தான். ஹீட்டர் இரவில் இரண்டு மணித்தியாலம்தான். கடைக்குள் சூடு, நாற்காலி. யாரும் விசாவைப் பற்றிக் கேட்பதில்லை, மெஷினுக்கு இங்கிலீஷும் தேவையில்லை. அந்தக் கதிரைக்குப் பதில் இன்னொரு கதிரையை நாங்கள் கொடுக்காமல் அவனை எழுப்ப முடியாது என்று எனக்கு விளங்க மூன்று வருடம் எடுத்தது.

சரி, செய்யவேண்டியதற்கு வருகிறேன்.

தோற்றுவிட்டு வந்த இரவில் கதைக்காதீர்கள். சம்பளத்துக்கு இரண்டு நாள் முன்பு, சாப்பாடு கொடுத்துவிட்டுக் கதையுங்கள். ஏன் போகிறாய் என்று கேட்டால் பொய்தான் வரும். எந்தக் கடை, எத்தனை மணிக்கு, எந்தக் காசு என்று மட்டும் கேளுங்கள். தம்பிக்கு அது வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து வரும் வழி, ஏடிஎம்மில் எடுத்த தாள். அவ்வளவு தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது தன்னைத்தானே தடைசெய்யும் பதிவு. இதில் பலர் ஏமாறுகிறார்கள். கேம்ஸ்டொப்பில் பதிந்தால் போதும் என்று நானும் நினைத்தேன். அது ஓன்லைன் சூதாட்டத்துக்கு மட்டும், தெருக்கடைக்குச் செல்லாது. ஆனாலும் பதியுங்கள், ஏனென்றால் கடையை அடைத்தால் போனுக்குள் போவான். பெட்டிங் ஷொப்புகளுக்கு மோசஸ் என்ற தனித் திட்டம் உண்டு. ஒரு போன் அழைப்பில் வீட்டுக்கும் வேலைக்கும் பக்கத்தில் உள்ள எல்லாக் கம்பெனிக் கடைகளையும் சேர்த்துப் பதியலாம். படம் ஒன்று கொடுக்க வேண்டும். இரவு முழுக்கத் திறந்திருக்கும் ஸ்லொட் மெஷின் கடைகள் அதில் வராது, அவற்றுக்கு வேறு பதிவு. மூன்றையும் ஒரே நாளில் செய்து முடியுங்கள். அவனேதான் பேச வேண்டும், நீங்கள் அவனுக்காகப் பதிய முடியாது. நான் பக்கத்தில் இருந்து சொற்களைச் சொல்லிக்கொடுத்தேன்.

பதிந்துவிட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் கூடாது. ஒன்பது வாரம் கழித்து ஒரு கடையில் அவனைத் தடையில்லாமல் உள்ளே விட்டார்கள். கவுன்டரில் நின்ற பிள்ளை புதிது, தனி ஆள், படத்தைப் பார்க்கவே நேரமில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. திகதி, நேரம், கடை முகவரி எழுதி அந்தக் கம்பெனிக்கு முறைப்பாடு அனுப்பினோம். சூதாட்ட ஆணையத்துக்கும் தெரிவிக்கலாம்.

ஆகவே உண்மையான பூட்டு காசில்தான். வங்கி ஆப்பில் சூதாட்டத் தடை என்று ஒன்று இருக்கும், போடுங்கள். கிரெடிட் கார்டில் சூதாடுவதை 2020 ஏப்ரலிலேயே தடைசெய்துவிட்டார்கள். ஆனால் இந்தத் தடை எதுவும் தாள்காசைப் பிடிக்காது. அதனால் அவன் சம்மதத்தோடு நாங்கள் செய்தது இது: சம்பளம் விழுகிற நாளே வாடகையும் ஊருக்கு அனுப்பும் காசும் ஸ்டாண்டிங் ஓர்டரில் (வங்கி தானாக அனுப்பும் ஏற்பாடு) என் கணக்குக்கு வந்துவிடும். ஆப்பில் ஏடிஎம் எடுப்பதை நிறுத்தினோம் (எல்லா வங்கியிலும் இந்த வசதி இல்லை, கேட்டுப் பாருங்கள்). நாளுக்கு 10 பவுண், அதுவும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கார்டில். கையில் காசாகச் சம்பளம் வாங்குகிறவர் என்றால் முதலாளியிடம் வங்கியில் போடச் சொல்லுங்கள். தம்பியின் முதலாளி காரணம் கேட்காமலே ஒத்துக்கொண்டார். அறையில் இருந்த மற்றப் பெடியன்களிடம் தனக்குக் கைமாற்றுக் கொடுக்க வேண்டாம் என்று தம்பியே சொன்னான். நான் போய்ச் சொல்லியிருந்தால் அவன் அந்த அறைக்கே திரும்பியிருக்க மாட்டான்.

யுனிவர்சல் கிரெடிட் (அரச உதவிக்காசு) எடுப்பவர் என்றால் வாடகையை நேரே வீட்டுக்காரருக்கு அனுப்பவும், மாதத்துக்கு ஒருமுறை இல்லாமல் அடிக்கடி சிறிதாகத் தரவும் கேட்கலாம். அவர்கள் சம்மதித்தால் மொத்தக் காசு ஒரே இரவில் கையில் இருக்காது.

வரும் வழியையும் மாற்றினோம். பெட்டிங் ஷொப்புகள் இருக்கும் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தால் வராமல் பின்தெருக்களால் நடந்தான், எட்டு நிமிடம் கூடுதல். வெள்ளிக்கிழமைகளில் நேரே என் வீட்டுக்கு. புட்டும் மீன்குழம்பும். சாப்பிட்டபிறகு பிள்ளைகளோடு கெரம். அந்த வெள்ளிக்கிழமைகளை நான் ஒருநாளும் விடவில்லை.

இவ்வளவும் ஓடத் தொடங்கியபிறகுதான் கடன். கடன் ஆலோசனை தரும் ஸ்டெப்சேஞ்ச், சிட்டிசன்ஸ் அட்வைஸ் இரண்டும் இலவசம். அவர்கள் மூலம் 'ப்ரீதிங் ஸ்பேஸ்' கேளுங்கள். தகுதி இருந்தால் 60 நாளுக்கு வட்டியும் பெய்லிப் (கடன் வசூலிக்க வருபவர்) தொந்தரவும் நிற்கும். கடன் தீர்க்க வேறு கடன் வாங்க வேண்டாம்.

மருந்தில்லாத வியாதி என்று நினைக்காதீர்கள். தேசிய சூதாட்ட ஹெல்ப்லைன் 0808 8020 133, இலவசம், 24 மணித்தியாலமும். வீட்டாரும் எடுக்கலாம், முதலில் எடுத்தது நான்தான். என்எச்எஸ்ஸுக்கு (அரச மருத்துவ சேவை) சூதாட்டக் கிளினிக்குகள் உண்டு. ஜிபி (குடும்ப டொக்டர்) கடிதம் இல்லாமல் நாமே கேட்டுப் போகலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கேட்டால் தருவார்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். காசு முழுக்கப் போன இரவில் அவன் அமைதியாகிவிட்டால், "சாகலாம் என்று நினைக்கிறாயா?" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. நான் கேட்டபோது அவன் ஓமென்று தலையாட்டினான். அன்று இரவு அவனைத் தனியே விடவில்லை. இப்படியான நேரத்தில் கதைக்க சமாரிட்டன்ஸ் 116 123, எந்நேரமும். ஆபத்து என்றால் 999.

அவன் பிறகும் இரண்டு தடவை போனான். இரண்டாம் தடவை 35 பவுண். அன்றே போன் எடுத்துச் சொன்னான். நான் ஏசவில்லை, எங்கே, எப்படி என்று கேட்டேன். பழைய ஜாக்கெட் ஒன்றில் தாள்காசு இருந்திருக்கிறது. ஜாக்கெட்டுகளைத் தேடினோம்.

பெட்டிங் ஷொப் தடைப் பதிவு ஒரு காலத்துக்குத்தான், பிறகு முடிந்துவிடும். முடிகிற திகதியை இப்போதே கலண்டரில் குறியுங்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு திரும்ப அழைத்துப் புதுப்பிக்க வேண்டும். இடையில் தாடி வளர்த்திருந்தால் புதுப்படம் எடுத்துக் கொடுங்கள்.