இறை இரக்க ஞாயிறு: பெரிய வெள்ளியிலிருந்தே ஆயத்தம்

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறுதான் இறை இரக்க ஞாயிறு. 2000 ஏப்ரல் 30 அன்று இறை இரக்க பக்தியைப் பரப்பிய போலந்துத் துறவி சகோதரி ஃபவுஸ்தீனாவைப் புனிதராக உயர்த்தியபோது திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இதை அறிவித்தார். 2027இல் அது ஏப்ரல் 4.

இதற்கான நவநாள், அதாவது ஒன்பது நாள் செபம், பெரிய வெள்ளியன்று தொடங்கி அடுத்த வாரச் சனிக்கிழமை முடியும். பூசை முடிந்த களைப்பில் உயிர்ப்புத் திங்களன்று ஆரம்பித்தால் கணக்கு உதைக்கும். தீபகற்ப மலேசியாவில் பெரிய வெள்ளி பொது விடுமுறை இல்லை. லீவு கிடைக்காதவர்கள் பிற்பகல் மூன்று மணிக்கு வேலையிடத்திலேயே ஒரு நிமிடம் ஆண்டவருடைய பாடுகளை நினைத்தாலும் போதும். இறை இரக்கச் செபமாலையை இரவில் வீட்டாரோடு சொல்லலாம். எட்டாம் நாள் உத்தரிக்கிற ஆன்மாக்களுக்கானது, அதாவது இறந்தபின் தூய்மை பெற்றுவரும் ஆன்மாக்களுக்கானது. குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை அன்று மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இறை இரக்கச் செபமாலை சொல்லச் சாதாரண 53 மணிச் செபமாலையே போதும். முதலில் ஒரு கர்த்தர் கற்பித்த செபம், ஒரு மங்கள வார்த்தை செபம், விசுவாசப் பிரமாணம். பெரிய மணியில் “நித்திய பிதாவே” என்று தொடங்கும் ஒப்புக்கொடுத்தல். பத்துச் சிறிய மணிகளிலும் “இயேசுவின் வேதனைமிகு பாடுகளைப் பார்த்து” செபம். ஐந்து பத்துகளும் முடிந்ததும் “தூய இறைவா” மூன்று முறை. பழக்கதோஷத்தில் ஒவ்வொரு பத்தின் முடிவிலும் “பிதாவுக்கும் சுதனுக்கும்” என்ற செபத்தைச் சொல்லிவிடுவோம். இதில் அது கிடையாது.

கோலாலம்பூர்ப் பங்குகளில் பல மொழியினர் சேர்ந்து சொல்லும்போது குழப்பம் நடுவில்தான் வரும். எந்தப் பத்து தமிழ், எது மலாய், எது ஆங்கிலம், எது மாண்டரின் என்று முன்னதாகவே பிரித்து, நான்கு மொழியிலும் பதிலை ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். நடத்துபவர் நிதானமாகச் சொன்னால் பத்து நிமிடத்துக்குள் முடியும். அவசரப்பட்டால் பதில் சொல்பவர்கள் பின்தங்கி, மன்றாட்டு முணுமுணுப்பாகிவிடும்.

இறை இரக்க இயேசுவின் படத்தைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுக்காதீர்கள். அவர் இதயத்திலிருந்து வரும் வெளிறிய கதிர் தண்ணீரையும் சிவப்புக் கதிர் இரத்தத்தையும் குறிக்கின்றன. நிறம் போனால் பொருளே போய்விடும். பளபளக்கும் லாமினேட் பீட விளக்கு வெளிச்சத்தில் மின்னி ஆண்டவரின் முகத்தை மறைக்கும், மங்கலான தாளே நல்லது. அடியில் “இயேசுவே, நான் உம்மில் நம்பிக்கை வைக்கிறேன்” என்ற வரி கட்டாயம் இருக்கவேண்டும்.

இந்த ஞாயிறன்று பெறக்கூடிய பரிபூரணப் பலனுக்கு, அதாவது மன்னிக்கப்பட்ட பாவங்களுக்கான தண்டனை முழுவதும் நீங்கும் பலனுக்கு வருவோம். பலர் தவறவிடுவது இங்கேதான். பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) அதே நாளில் வேண்டும் என்று நினைத்து, ஞாயிறு பிற்பகல் நீண்ட வரிசையில் நின்று, கடைசியில் ஃபாதரைப் பார்க்க முடியாமல் திரும்புகிறார்கள். உண்மையில் அதை ஏறக்குறைய 20 நாள் முன்னரோ பின்னரோ செய்யலாம். சாவான பாவம் (கனமான பாவம்) எதுவும் பிறகு செய்யாதிருந்தால் புனித வாரத்தில் செய்ததே செல்லும். நற்கருணை வாங்குவதும் திருத்தந்தையின் கருத்துகளுக்காகச் செபிப்பதும் அதே நாளில் இருப்பது நல்லது. அற்பப் பாவத்தின் (சிறு பாவத்தின்) மீதுகூடப் பற்று இருக்கக்கூடாது. எல்லாவற்றிலும் கடினமானது இதுதான், இதற்காகத்தான் ஒன்பது நாள் ஆயத்தம்.

ஷா ஆலாமில் உள்ள இறை இரக்க ஆலயத்துக்குப் போனால்தான் பலன் என்பதில்லை. உங்கள் பங்குக் கோவிலின் இறை இரக்க வழிபாட்டில் பங்கெடுக்கலாம். அல்லது எந்தக் கோவிலிலும் நற்கருணை முன் கர்த்தர் கற்பித்த செபம், விசுவாசப் பிரமாணம், இரக்கமுள்ள இயேசுவை நோக்கி ஒரு சிறு மன்றாட்டு, இவற்றைச் சொன்னாலும் ஆகும். படுக்கையில் கிடக்கும் பெரியவர்களும் பாவத்தை வெறுத்து, முடிந்ததும் நிபந்தனைகளை நிறைவேற்றும் எண்ணத்தோடு படத்தின் முன் இதே செபங்களைச் சொல்லிப் பலனைப் பெறலாம். நோயாளிகளுக்கு வீட்டில் நற்கருணை வேண்டுமானால், பங்கு அலுவலகத்தில் அந்த வாரத் தொடக்கத்திலேயே பெயர் கொடுத்துவிடுங்கள்.